தலைசிறந்த படங்களுக்கு வாக்களிக்கும் விமர்சகர்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய விமர்சகப் பெருமக்களுக்கு,

வணக்கம். உலகின் தலைசிறந்த திரைப்படங்கள் எவை என்று 1952 முதல் பத்தாண்டுக்கு ஒருமுறை 'சைட் அண்ட் சவுண்ட்' இதழ் நடத்திவரும் வாக்கெடுப்பில் பங்கேற்பவர்களுக்கும், அதைப் பின்பற்றித் தத்தம் பட்டியல்களைத் தொகுத்து வெளியிடுபவர்களுக்கும் இம்மடலை எழுதுகிறேன். நான் திரைத்துறையைச் சேர்ந்தவன் அல்லன். திரைப்படக் கலையை முறையாகப் பயின்றவனும் அல்லன். நீங்கள் பார்க்கச் சொன்ன படங்களைச் சொன்னபடியே பார்த்தவன் என்பதொன்றே இதை எழுத எனக்குள்ள உரிமை. சில இடங்களில் என் சொற்கள் கடுமையாக இருக்கும். படங்களின் முடிவுகளையும் மறைக்காமல் பேசியிருக்கிறேன். அவற்றை இனிமேல்தான் பார்க்கவிருக்கும் எவரேனும் இதைப் படிக்க நேர்ந்தால் இந்த இடத்திலேயே நிறுத்திக்கொள்வது நல்லது.

ஒரு படம் திரைக்கலையின் வரலாற்றில் எதை முதன்முதலில் செய்தது என்பது ஒரு கேள்வி. அந்த வரலாறு ஏதும் தெரியாமல் இன்று அதன்முன் அமரும் ஒருவருக்கு அது என்ன தருகிறது என்பது வேறொரு கேள்வி. நீங்கள் முதல் கேள்விக்கு விடை எழுதிவிட்டு, அதையே இரண்டாவதற்கும் விடையாகக் காட்டுகிறீர்கள் என்பதுதான் என் குறை. அதனால் நல்ல படங்கள்கூடத் தவறான காரணங்களுக்காகப் புகழப்படுகின்றன. அந்தக் காரணங்களை நம்பிப் போய் உட்கார்ந்தவர் ஏமாந்து எழுந்துவருகிறார். ஏமாற்றத்துக்குத் தம்முடைய ரசனைக் குறைவே காரணம் என்று எண்ணி வாயை மூடிக்கொள்கிறார்.

'சிட்டிசன் கேன்' படத்தையே எடுத்துக்கொள்வோம். 1941-இல் வெளியான இப்படத்தை, 1962 முதல் 2002 வரை நடந்த ஐந்து வாக்கெடுப்புகளிலும் தொடர்ந்து முதலிடத்தில் வைத்தீர்கள். ஆர்சன் வெல்ஸ் இதை இயக்கியபோது அவருக்கு வயது 25 என்றும், கிரெக் டோலண்டின் ஒளிப்பதிவில் அருகில் இருப்பவையும் தொலைவில் இருப்பவையும் ஒருசேரத் தெளிவாகத் தெரிகின்றன என்றும், கேமரா தரையோடு தரையாகத் தாழ்ந்து கிடப்பதால் அறைகளின் மேற்கூரைகள் காட்சிக்குள் வருகின்றன என்றும் எழுதாத விமர்சகர் உங்களில் யாருமில்லை. அத்தனையும் உண்மைதான். ஆனால் பின்வந்த எல்லோரும் அவற்றைக் கற்றுக்கொண்டு, சோப்பு விளம்பரம் வரைக்கும் பயன்படுத்தித் தீர்த்துவிட்டார்கள். இன்றைய பார்வையாளருக்கு அந்த உத்திகளில் புதிதாக ஒன்றும் தெரியாது; தெரிய வேண்டும் என்று எதிர்பார்ப்பதும் நியாயமில்லை.

அவருக்கு நீங்கள் சொல்லியிருக்க வேண்டியது வேறு. வீட்டுக்குள் பெற்றோரும் வங்கியாளரும் சிறுவன் கேனின் எதிர்காலத்தைத் தீர்மானிக்கும் பத்திரத்தில் கையெழுத்திடுகையில், சன்னலுக்கு அப்பால் பனியில் அவன் ஒன்றும் அறியாமல் விளையாடிக்கொண்டிருக்கிறான். முன்னும் பின்னும் ஒருசேரத் தெளிவாகத் தெரிவதன் பயன் இந்த ஒரு காட்சியிலேயே முழுமையாகப் புலப்பட்டுவிடுகிறது. ஒரு திருமணம் சிதைவதை அடுத்தடுத்த காலை உணவு மேசைகளின் வழியாகச் சில நிமிடங்களில் காட்டி முடிக்கும் பகுதியையும் சொல்லலாம். எல்லாவற்றுக்கும் மேலாக, கேனிடம் பணியாற்றிய முதியவர் பெர்ன்ஸ்டைன் 1896-இல் படகில் போகும்போது ஒரே ஒரு கணம் கண்ட வெள்ளையுடைப் பெண்ணைப் பற்றிச் சொல்லும் இடம் இருக்கிறது. அவள் அவரைப் பார்க்கக்கூட இல்லை. ஆனாலும் அவளை நினைக்காமல் தமக்கு ஒரு மாதமும் கழிந்ததில்லை என்கிறார். உத்தி ஏதுமில்லாமல், ஒரு மனிதர் உட்கார்ந்து பேசுவதைத் தவிர வேறொன்றும் நிகழாத அந்த இடம்தான் படத்தின் உச்சம் என்பது என் துணிபு. கேன் சாகும்போது உச்சரித்து, படம் முழுவதும் துரத்தப்படும் 'ரோஸ்பட்' என்ற புதிரும், அது ஒரு பனிச்சறுக்கு வண்டியின் பெயர் என்ற விடையும் அதற்குப் பக்கத்தில் வெறும் விடுகதை. வெல்ஸே பிற்காலத்தில் அதை மலிவான உளவியல் என்ற பொருளில் பேசியிருக்கிறார். நீங்களோ இன்னும் விட்டபாடில்லை. ஒன்பது ஆஸ்கர் பரிந்துரைகளைப் பெற்ற இப்படம் திரைக்கதைக்காக மட்டுமே விருது பெற்றது என்பதைப் பெரிய அநீதியாகக் குறிப்பிடுகிறீர்கள். அந்த ஆண்டு வாக்களித்தவர்கள், தற்செயலாகவேனும், உங்களைவிடச் சரியான இடத்தில் கை வைத்தார்கள் என்றே எனக்குத் தோன்றுகிறது.

2012-இல் அதைக் கீழிறக்கிவிட்டு, 1958-இல் வெளியான ஹிட்ச்காக்கின் 'வெர்ட்டிகோ' படத்தை முதலிடத்தில் அமர்த்தினீர்கள். இதில் எனக்கு இருக்கும் மனத்தாங்கல் இன்னும் பெரிது. அந்தப் படத்தின் குற்றத் திட்டம் அபத்தமானது என்பதை வெளிப்படையாக எழுதும் துணிவு உங்களில் மிகச் சிலருக்கே உண்டு. ஒருவன் தன் மனைவியைக் கொல்வதற்கு, உயரத்தைக் கண்டால் தலைசுற்றும் முன்னாள் காவல் அதிகாரி ஒருவர் குறிப்பிட்ட நாளில், குறிப்பிட்ட கோபுரத்தின் படிகளில், குறிப்பிட்ட இடத்துக்கு மேல் ஏற முடியாமல் நின்றுவிடுவார் என்பதை மட்டுமே நம்பியிருக்கிறான். இந்தக் கதையை வேறொரு பெயரில், பெயர் தெரியாத இயக்குநர் ஒருவர் எடுத்திருந்தால் நீங்கள் இரண்டே வரிகளில் முடித்திருப்பீர்கள். முதற்பகுதியில் கார் ஒன்றின் பின்னால் இன்னொரு கார் ஊர்ந்துகொண்டே இருப்பதையும் கனவுத்தன்மை என்று எழுதியிருக்கிறீர்கள்; அதில் பாதி கனவு, பாதி வெறும் போக்குவரத்து.

ஆனால் படம் முடிவதற்கு வெகுநேரம் முன்பே, அந்த மனைவியாக நடிக்க அமர்த்தப்பட்ட ஜூடி எழுதிக் கிழித்துப்போடும் கடிதத்தின் வழியாக ஹிட்ச்காக் மர்மத்தை உடைத்துவிடுகிறார். நாயகனுக்கு முன்பாகவே பார்வையாளருக்கு உண்மை தெரிந்துவிடுகிறது. அதற்குப் பின்வருவது வேறொரு படம். அந்தப் படம் ஈவிரக்கமற்றது. இறந்துபோனதாகத் தான் நம்பும் ஒருத்தியின் உடையையும் தலைமுடி நிறத்தையும் கொண்டை முடிச்சையும் உயிரோடிருக்கும் ஒருத்தியின்மீது ஒருவன் ஏற்றிக்கொண்டே போகிறான். அவள் தன்னைத் தானாகவே ஏற்கும்படி கெஞ்சுகிறாள், அவன் கேட்பதில்லை. விடுதி அறையின் பச்சை வெளிச்சத்தில், அவன் விரும்பிய உருவமாக அவள் நடந்துவரும்போது எழும் இசையைக் கேட்டு நீங்கள் காதல் என்று எழுதுகிறீர்கள். அதைக் காதல் என்று படம் சொல்லவில்லை. படம் அவனைக் குற்றவாளிக் கூண்டில் நிறுத்தியிருக்கிறது. நீங்கள் அவனோடு சேர்ந்து உருகுகிறீர்கள். அவன்மேல் உண்மையான அக்கறை கொண்ட மிட்ஜ் என்ற பெண், மனநல விடுதியின் நடைவழியில் விலகி நடந்துபோன பின்பு மீண்டும் ஒரு காட்சியிலும் வருவதில்லை. அவளைப் பற்றியும் நீங்கள் அதிகம் எழுதிக் கண்டதில்லை.

இனி 2022-இன் முடிவு. ஆயிரத்து அறுநூறுக்கும் மேற்பட்டோர் வாக்களித்த அந்த முறை, சாந்தல் அகர்மானின் 'ழான் டீல்மன்' முதலிடம் பெற்றது. பெண் இயக்குநர் ஒருவரின் படம் அந்த இடத்துக்கு வந்தது அதுவே முதன்முறை. அரசியல் காரணத்துக்காகவே வாக்குகள் விழுந்தன என்று ஒரு சாரார் கொதித்தனர். அவர்களில் எத்தனை பேர் படத்தை முழுவதுமாகப் பார்த்தார்கள் என்பதில் எனக்கு ஐயம் உண்டு. ஆனால் அந்தக் கொதிப்புக்கு வழிசெய்து கொடுத்தவர்கள் நீங்கள்தாம். 201 நிமிடங்கள் ஓடும் 1975-ஆம் ஆண்டுப் படத்தை அறிமுகப்படுத்தும்போது, ஒரு பெண் உருளைக்கிழங்கு உரிப்பதை அசையாத கேமரா காட்டிக்கொண்டே இருக்கிறது என்றும், பொறுமையோடு பார்க்க வேண்டிய மைல்கல் என்றும் எழுதினீர்கள். நோன்பு நோற்க அழைப்பதுபோல் ஒரு படத்துக்கு அழைத்தால் யார் வருவார்?

உண்மையில் அது நெஞ்சைப் பிடித்துக்கொண்டு பார்க்க வேண்டிய பரபரப்புப் படம். கணவனை இழந்த ஒரு பெண்ணின் மூன்று நாள் வாழ்வு அதில் சொல்லப்படுகிறது. முதல் நாளில் அவளுடைய ஒவ்வோர் அசைவும் அளந்துவைத்ததுபோல் இருக்கிறது: சமையல், மகனின் காலணி, பிற்பகலில் பணம் கொடுத்து வந்துபோகும் ஆண், அந்தப் பணத்தைப் போட்டு மூடிவைக்கும் பாத்திரம், ஓர் அறையை விட்டு வெளியேறும்போது தவறாமல் அணைக்கும் விளக்கு. இரண்டாம் நாள் ஆண் வந்துபோன பின்பு உருளைக்கிழங்கு குழைந்துபோகிறது. பாத்திரத்தின் மூடி திறந்தே கிடக்கிறது. அவளுடைய தலைமுடி கலைந்திருக்கிறது. முதல் நாளின் ஒழுங்கை நாம் அவ்வளவு நேரம் பார்த்துப் பழகியிருப்பதால், மூடாத ஒரு பாத்திரம் கத்தியைக் கண்டதுபோல் திடுக்கிட வைக்கிறது. மூன்றாம் நாளின் காப்பி சரியில்லாமல் போய், அவள் அதைக் கொட்டிவிட்டு மறுபடி போடுகையில், ஏதோ ஒன்று நடந்தே தீரும் என்பது நமக்கு உறுதியாகிவிடுகிறது. நடக்கவும் செய்கிறது, ஒரு கத்தரிக்கோலால். படத்தின் நீளம் அதன் பொறிமுறை. அதைக் குறைத்தால் படம் இயங்காது. இதைச் சொல்லியிருந்தால் பாதி எதிர்ப்பு அடங்கியிருக்கும். எனக்கு அது முதலிடத்துக்குரிய படமன்று. அந்தப் பெண்ணாக நடித்த டெல்ஃபின் செய்ரிக்கின் முகத்தில் நிகழ்வது அனைத்தும் படமாகிவிட்ட பின்னும், மகனின் இரவு நேரப் பேச்சுகள் எழுதிவைத்து ஒப்பிப்பவைபோல் வந்து இடறுகின்றன.

ஜப்பானிய இயக்குநர் ஓசுவின் 'டோக்கியோ ஸ்டோரி' (1953) படத்தை நீங்கள் அடைமொழிகளாலேயே கெடுத்துவைத்திருக்கிறீர்கள். அமைதியானது, மென்மையானது, எளிமையானது. அந்தப் படத்தில் மென்மை இருக்குமிடம் மருமகள் நொரிகோவின் குரலும் சிரிப்பும் மட்டுமே. மற்றபடி, பெற்றோரை வைத்துக்கொள்ள இடமில்லாமல் சத்தம் மிகுந்த கடலோர விடுதிக்கு அனுப்பிவைக்கும் பிள்ளைகளும், தாயின் இறுதிச் சடங்கு முடிந்து உணவு மேசையில் இருக்கும்போதே அவளுடைய ஆடைகளில் தனக்கு எது வேண்டும் என்று கேட்கும் மூத்த மகளும் உள்ள கொடிய படம் அது. அந்த மகளைக் கெட்டவளாகக் காட்டாமல், வேலை மிகுந்த சாதாரணப் பெண்ணாகவே காட்டியிருப்பதால் கொடுமை இன்னும் ஆழமாகிறது. 'அமைதியான படம்' என்று கேள்விப்பட்டு வந்தவர் இந்த இடத்தில் விழித்திருப்பாரா என்பது சந்தேகமே.

நீங்கள் தீண்டாமல் ஒதுக்கிவைத்திருக்கும் படங்களைப் பற்றியும் சொல்ல வேண்டும். 11 ஆஸ்கர் விருதுகளைப் பெற்ற 'டைட்டானிக்' (1997) படத்தின் பெயரைக் கேட்டாலே உங்கள் உதடு சுழிக்கிறது. அதன் வசனங்கள் மோசமானவை என்பதை நானும் ஏற்கிறேன். செல்வந்தக் காதலன் மீசை முறுக்காத குறையாக வில்லத்தனம் செய்கிறான். ஆனால் படத்தின் தொடக்கத்திலேயே, கப்பல் எப்படி மூழ்கியது என்பதை ஒரு கணினி அசைபடத்தின் மூலம் விபத்தில் தப்பிய நாயகி, முதிய ரோஸுக்கு ஒருவன் விளக்குகிறான். முன்பகுதி அமிழ்வது, பின்பகுதி மேலெழுவது, நடுவே முறிவது ஆகிய அனைத்தும் ஒரு நிமிடச் சொச்சத்தில் முடிந்துவிடுகின்றன. அதனால் இரண்டு மணி நேரத்துக்குப் பின் உண்மையான அழிவு தொடங்கும்போது, யார் எந்தப் பகுதியில் நிற்கிறார், அங்கே அடுத்து என்ன நடக்கும் என்பதை ஒரு சொல்லும் இல்லாமலேயே நாம் அறிந்திருக்கிறோம். அச்சம் முழுவதும் அந்த முன்னறிவிலிருந்து பிறக்கிறது. இதே உத்தியை ஐரோப்பிய இயக்குநர் ஒருவர் செய்திருந்தால் உங்களில் பலர் நீண்ட கட்டுரைகள் எழுதியிருப்பீர்கள் என்பதில் எனக்கு ஐயமில்லை.

மக்கள் வாக்கில் வென்ற படங்கள் எல்லாம் நல்லவை என்று நான் சொல்ல வரவில்லை. இணையவழி வாக்குகளில் நெடுங்காலமாக முன்னிலையில் இருக்கும் 'தி ஷாஷாங்க் ரிடெம்ப்ஷன்' (1994), மார்கன் ஃப்ரீமனின் குரலை நம்பி, கண்முன் தெரிவதையே காதுக்கும் சொல்லிக்கொண்டிருக்கும் படம். ஃப்ரீமன் நடித்த ரெட் என்ற பாத்திரம் பேருந்தில் ஏறி எல்லை நோக்கிப் போவதோடு அது முடிந்திருக்க வேண்டும். கடற்கரைச் சந்திப்பு பார்வையாளரின் கையில் திணிக்கப்படும் இனிப்பு. அதே ஆண்டின் 'ஃபாரஸ்ட் கம்ப்' அதைவிட மோசம். வியட்நாம் போரைப் பற்றிப் பெருங்கூட்டத்தின் முன் நாயகன் பேசத் தொடங்கும்போது ஒலிவாங்கியின் இணைப்புத் துண்டிக்கப்படுகிறது. அவன் பேசிய ஒரு சொல்லும் நமக்குக் கேட்பதில்லை. அந்த இணைப்பைப் பிடுங்கியது கதைக்குள் இருக்கும் அதிகாரி என்று படம் காட்டுகிறது. பிடுங்கியவர்கள் படத்தை எடுத்தவர்களே என்பேன். அவன் எதையும் சொல்லக் கூடாது என்பதுதான் அந்தப் படத்தின் வெற்றிக்கான விதி. கேள்வி கேட்ட அவன் காதலி ஜென்னிக்கோ நோயும் மரணமும் வாய்க்கின்றன.

'செவன் சாமுராய்' (1954) விஷயத்தில் உங்களோடு எனக்குச் சண்டையில்லை. 207 நிமிடங்களில் ஒரு காதல் கிளைக்கதையைத் தவிர வீணான பகுதி என்று எதுவும் இல்லை. கிராமத்தைக் காக்கும் சாமுராய் வீரர்களின் தலைவர் கம்பெய் கொள்ளையரின் எண்ணிக்கையை வட்டங்களாக வரைந்துவைத்து, ஒவ்வொருவராக விழும்போதும் அடித்துக்கொண்டே வருகிறார். போர் எந்த நிலையில் இருக்கிறது என்று நமக்கு ஒரு கணமும் குழப்பமில்லை. இறந்துபோகும் நான்கு சாமுராய்களும் துப்பாக்கிக் குண்டுக்கே பலியாகிறார்கள், ஒருவர்கூட வாளால் சாவதில்லை என்பதைப் படம் எங்கேயும் அடிக்கோடிட்டுக் காட்டுவதில்லை. ஒரு காலம் முடிந்துவிட்டது என்பதை வாயால் சொல்லாமல் சொல்வதற்கு இதைவிட நல்ல உதாரணத்தை நான் கண்டதில்லை. 'ஷிண்ட்லர்ஸ் லிஸ்ட்' (1993) இதற்கு நேர்மாறு. மூன்று மணி நேரம் நம்மை நம்பி எடுக்கப்பட்ட படம், முடிவில் சட்டையில் அணியும் தங்கச் சின்னத்தைக் கையில் வைத்துக்கொண்டு இன்னும் சிலரைக் காப்பாற்றியிருக்கலாமே என்று நாயகனை அழவைக்கும்போது அந்த நம்பிக்கையை இழந்துவிடுகிறது.

'2001: எ ஸ்பேஸ் ஒடிசி' (1968) படத்தின் இறுதிப் பகுதி புரியவில்லை என்பது என் புகாரன்று. விண்வெளி வீரர்கள் உணர்ச்சியற்று அறிக்கை வாசிப்பதுபோல் பேசிக்கொண்டிருக்க, நினைவகம் ஒவ்வொன்றாகக் கழற்றப்படும் 'ஹால்' என்ற கணினி மட்டும் அஞ்சுகிறது, கெஞ்சுகிறது, பழைய பாட்டைப் பாடியபடி மங்கிப்போகிறது. படத்தில் சாவுக்காக நாம் வருந்தும் ஒரே உயிர் ஓர் இயந்திரம். இவ்வளவு பெரிய செய்தியை நடுவில் வைத்துக்கொண்டு, நீங்கள் எலும்பு விண்கலமாக மாறும் ஒரு வெட்டைப் பற்றியும் கடைசி வண்ண வெளிச்சங்களைப் பற்றியுமே எழுதிக் குவித்திருக்கிறீர்கள்.

'நாயகன்' (1987) உங்கள் கண்ணில் படுவது அரிது. 2005-இல் 'டைம்' இதழ் வெளியிட்ட நூறு படங்களின் பட்டியலில் அது இடம்பெற்றது. எங்கே எழுதினாலும் 'தி காட்பாதர்' (1972) படத்தோடு ஒப்பிட்டே எழுதுகிறார்கள். கமல்ஹாசன் முதுமைத் தோற்றத்தில் வரும் பகுதிகளில் அதில் நடித்த மார்லன் பிராண்டோவின் நிழல் விழுவதை மறுக்க முடியாது. எனக்கு அப்பகுதிகள் சற்றுத் தளர்ச்சியாகவே படுகின்றன. ஆனால் விலைமகளிர் விடுதியில், நாளைக்குக் கணக்குத் தேர்வு இருப்பதால் சீக்கிரம் விட்டுவிடும்படி கேட்கும் பெண்ணுக்கு 'தி காட்பாதர்' படத்தில் இணை இல்லை. அங்கே பெண்கள் கதவுக்கு வெளியே நிறுத்தப்படுகிறார்கள். கடைசிக் காட்சியில் அந்தக் கதவு நம் கண்ணெதிரே சாத்தவும்படுகிறது. சிசிலிப் பகுதியில் மைக்கேலின் மனைவியாக வரும் பெண் கொல்லப்படுவதற்காகவே படைக்கப்பட்டவள். அது பெரும் படம்தான். குறையே இல்லாத படம் என்று நீங்கள் எழுதுவதைத்தான் ஏற்க முடியவில்லை.

முக்கியமானது என்பதையும் நல்லது என்பதையும் கலப்பதன் விளைவு எவ்வளவு அசிங்கமாகலாம் என்பதற்கு 1915-இன் 'தி பர்த் ஆஃப் எ நேஷன்' போதும். படத்தொகுப்பின் வரலாற்றை அது இல்லாமல் எழுத முடியாது. கு க்ளக்ஸ் க்ளான் என்ற வெள்ளை இனவெறிக் கும்பலை மீட்பர்களாகக் குதிரையில் ஏற்றி அனுப்பும் படமும் அதுவே. பல பத்தாண்டுகளாக உங்கள் முன்னோடிகள் 'கருத்து வேறு, கலை வேறு' என்று ஒரு வாக்கியத்தில் அதைக் கடந்துபோனார்கள். அந்தப் படத்தின் கலை முழுவதும் அந்தக் கருத்தை நம்மை நம்பவைக்கவே உழைக்கிறது. அதனால் இரண்டையும் பிரிக்க முடியாது. 'கான் வித் தி விண்ட்' (1939) படத்தின் அடிமைகள் தம் நிலையில் மகிழ்ந்திருக்கிறார்கள். அதில் நடித்து ஆஸ்கர் வென்ற முதல் கறுப்பினக் கலைஞர் ஹாட்டி மெக்டேனியல், விருது விழாவில் தனி மேசையில் அமர்த்தப்பட்டார். இவை திரைப்படப் பாடநூலில் இருக்க வேண்டியவை. மாலை நேரத்தில் ஒருவரை உட்காரவைத்துப் பார்க்கச் சொல்ல வேண்டியவை அல்ல.

ஆகவே அடுத்த வாக்கெடுப்புக்கு முன் தங்களிடம் நான் கேட்பது இவ்வளவே. வரலாற்றில் முக்கியமான படங்களுக்குத் தனிப் பட்டியல் ஒன்றை வைத்துக்கொள்ளுங்கள், யாரும் தடுக்கப்போவதில்லை. நீங்கள் தேர்ந்தெடுக்கும் பத்துப் படங்கள் ஒவ்வொன்றுக்கும், அதைக் கடைசியாக முழுமையாகப் பார்த்த ஆண்டையும், உங்களைத் தொட்ட ஒரு காட்சியையும், அந்தப் படத்தின் பெருங்குறை என நீங்கள் கருதும் ஒன்றையும் எழுதிக் கொடுங்கள். உங்களிற் சிலர் இப்போதும் தம் தேர்வுக்கான காரணங்களை எழுதுகிறீர்கள். குறைகளை எழுதுபவர் மிகவும் குறைவு. இத்தனைக்கும் இடம் போதாது என்றால் பத்துப் படங்களை ஐந்தாகக் குறைத்துக்கொள்ளுங்கள்.

இப்படிக்கு,
தங்கள் பட்டியல்களை நம்பிப் படம் பார்க்கும்
ஒரு பார்வையாளன்